முத்திரையில் பாதி எழுத்து அழிந்த சவரக்கத்தி: அலகின் வயது என்ன, பிடியின் வயது என்ன?

கூர்முனை:
பழைய கருவிகள் நிரம்பிய ஒரு பெட்டியை மொத்தமாக வாங்கினேன். அரங்களுக்கும் உளிகளுக்கும் அடியில் ஒரு மடக்குச் சவரக்கத்தி கிடந்தது. கனமான அலகு. முதுகின் தடிமன் 6 மில்லிமீட்டர், முதுகிலிருந்து வாய் வரை அகலம் 20 மில்லிமீட்டர். பக்கங்களில் குழிவு ஏதும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆப்பு போல நேராகச் சரிந்து வாயில் முடிகிறது. பிடிக்கு வெளியே நீளும் வால் உண்டு, லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கிறது.

காம்பில், அதாவது அலகுக்கும் பிடியின் ஆணிக்கும் இடைப்பட்ட கூரில்லாத பகுதியில், ஒரு கிரீடம் இருக்கிறது. அதன் வலப்புறம் ஆங்கில 'ஆர்' எழுத்து தெளிவாக இருக்கிறது. இடப்புற எழுத்து தேய்ந்துபோய் ஒரு சாய்கோடு மட்டும் எஞ்சியிருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு வரிகள். முதல் வரியின் கடைசியில் 'அண்ட் சன்' என்று படிக்க முடிகிறது. பிடி வெண்ணெய் நிறம், நீளவாக்கில் கோடுகள். விற்றவர் தந்தம் என்றார்.

அலகு முழுக்கக் கருத்திருக்கிறது, காம்பை ஒட்டிச் செந்துருவும் இருக்கிறது. இந்த வார இறுதியில் மெருகுச் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன் இது யார் செய்தது, எந்தக் காலத்தது என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மழிகலை:
நண்பரே, சக்கரத்தின் பக்கமே போகாதீர்கள். முதலில் படிக்க வேண்டும், பிறகுதான் துடைக்க வேண்டும்.

காம்பில் இருக்கும் எழுத்துகள் முத்திரை அச்சை வைத்து அடித்துப் பதித்தவை. அடி எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் விழுவதில்லை. ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் இருக்கும். உங்கள் கத்தியில் இடப்பக்கம் மேலோட்டமாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். எழுத்து இன்னும் அங்கேதான் இருக்கிறது. சக்கரத்தில் சில விநாடிகள் கொடுத்தால் உண்மையாகவே போய்விடும். அதன் பிறகு எவராலும் அதை மீட்க முடியாது.

இன்னொரு ஆபத்து சூடு. சவர அலகின் வாய்ப்பகுதி தாள்போல மெல்லியது. சக்கரத்தின் உராய்வில் நொடியில் சூடேறிவிடும். எஃகு வைக்கோல் நிறத்தைத் தாண்டி நீலத்துக்குப் போனால் கிட்டத்தட்ட 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். பதம் போன அலகு வாயைத் தாங்காது.

இப்போதைக்கு இவ்வளவு போதும்: மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு துளி, மென்மையான துணி, முத்திரையின் பள்ளங்களுக்கு ஒரு பல்குச்சி. கருமை இருக்கட்டும், அது எஃகைக் காக்கும் மேல்தோல். செந்துருதான் எதிரி, அதை மட்டும் எண்ணெயில் ஊறவைத்து மெதுவாக எடுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச் விளக்கைக் காம்பின் மட்டத்துக்கு ஏறக்குறையப் படுக்கவைத்து ஒளியைப் பாய்ச்சுங்கள். நான்கு திசையிலிருந்தும் பாய்ச்சுங்கள். ஒரு திசையில் மறைந்திருக்கும் கோடு இன்னொரு திசையில் நிழலாக எழுந்துவரும்.

இரும்பொறை:
மழிகலை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் எல்லாரும் பெயரைத்தான் முதலில் தேடுகிறார்கள். பெயரைக் கடைசியில் பாருங்கள். பெயர் பொய் சொல்லலாம், வேறொருவருடையதைப் போலவே செய்து அடித்திருக்கலாம். இரும்பின் வடிவம் அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது.

வாலிலிருந்து தொடங்குகிறேன். 18ஆம் நூற்றாண்டுக் கத்திகளில் வால் இருக்காது, அல்லது காம்பின் முனை குட்டையாக முடிந்துவிடும். திறப்பதற்கு விரல் வைக்க இடம் இல்லாத கத்திகள் அவை. 19ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் வால் நீண்டு, வளைந்து, நாம் இன்று காணும் உருவத்துக்கு வருகிறது. ஆகவே உங்கள் அலகு 1800க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அடுத்தது சாணை. இங்கிலாந்தில் கத்திக்குப் பெயர்போன ஷெஃபீல்டின் பழைய சாணைக்காரர்கள் பெரிய மணற்கல் சக்கரங்களில் நீர் விட்டு அரைத்தார்கள். சக்கரம் எவ்வளவு பெரிதோ அலகின் பக்கம் அவ்வளவு தட்டையாக வரும். ஆகவே ஆப்பு என்று நாம் சொல்லும் அலகிலும் மிக மெல்லிய குழிவு இருக்கும். ஓர் இரும்பு அளவுகோலின் விளிம்பை அலகின் மேல் நிறுத்திப் பின்னாலிருந்து ஒளி காட்டினால் இடைவெளி தெரியும். சிறிய சக்கரங்களில் ஆழக் குழித்து, விரலால் சுண்டினால் பாடும் அளவுக்கு அலகை மெலிதாக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பரவலாகிறது. அதில் ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க்காரர்கள் மன்னர்கள். உங்களுடையது அந்த அலைக்கு முந்தைய கை.

என் கணிப்பு: 1820 முதல் 1860க்குள்.

பழையபெட்டி:
இரும்பொறை ஐயா, வடிவத்தை இவ்வளவு நம்பக் கூடாது என்பது என் கட்சி. ஆப்பு வடிவம் குழிவு வந்தவுடன் செத்துப்போகவில்லை. முரட்டுத் தாடிக்கு அதுதான் வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பட்டறைகளும் செய்துகொண்டே இருந்தன. நூற்றாண்டின் கடைசியில் செய்த ஆப்பு அலகுகளை நானே வைத்திருக்கிறேன். வடிவம் 'இதற்கு முன் இருக்க முடியாது' என்று சொல்லும். 'இதற்குப் பின் இருக்க முடியாது' என்று அதனால் சொல்ல முடியாது.

இரும்பொறை:
நியாயமான திருத்தம், ஏற்கிறேன். கீழ் எல்லையை வடிவமும் மேல் எல்லையை முத்திரையும் சொல்லட்டும். ஆனால் தோள்பட்டையைக் கவனியுங்கள். கூர்முனை, அலகும் காம்பும் சேரும் இடத்தில் தடித்த குறுக்குப் பட்டை இருக்கிறதா? அலகு ஆழமாகக் குழிய ஆரம்பித்ததும் அது வளையாமல் இருக்க அந்த இடத்தில் எஃகைத் தடிப்பாக விட்டார்கள். சிலவற்றில் இரட்டைப் பட்டையே உண்டு.

கூர்முனை:
பட்டை இல்லை. அலகு காம்புக்குள் வழுவழுப்பாகக் கலந்துவிடுகிறது. காம்பின் அடியில் விரல் வழுக்காமல் இருக்க அரத்தால் வெட்டிய சிறு கோடுகளும் இல்லை.

விளக்கைப் படுக்கவைத்துப் பார்த்தேன். கடைசி வரியின் முடிவில் 'ஃபீல்ட்' என்ற எழுத்துகள் எழுந்து வந்தன. அலகின் மறுபக்கக் காம்பில், நான் வெறும் கீறல் என்று நினைத்த இடத்தில், 'காஸ்ட் ஸ்டீல்' என்று இருக்கிறது. எந்த நாட்டின் பெயரும் எங்கும் இல்லை. இடப்புற எழுத்து இன்னும் பிடிபடவில்லை.

மழிகலை:
இது அருமையான முன்னேற்றம்.

'ஃபீல்ட்' என்றால் ஷெஃபீல்ட் என்று கொள்ளலாம். அங்கே கத்தி செய்வோரின் சங்கம் 1624இலேயே சட்டப்படி அமைந்தது. அடையாள முத்திரைகளைப் பதிவு செய்ததும் அந்தச் சங்கம்தான். ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் சேர்ந்த குறி 1682ஆம் ஆண்டுப் பதிவு. இப்படிப் பழைய குறி இருக்கும் கத்தியை அந்த ஆண்டிலேயே செய்தது என்று விற்கிறார்கள். குறிக்குத்தான் அந்த வயது, கத்திக்கு இல்லை.

'காஸ்ட் ஸ்டீல்' என்பது மூசை எஃகு. கடிகாரங்கள் செய்துவந்த பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில், களிமண் மூசையில் எஃகை முழுவதும் உருக்கி வார்க்கும் முறையை ஷெஃபீல்ட் பகுதியில் நிலைநாட்டினார். கசடு நீங்கிச் சீராக வந்த அந்த எஃகுதான் ஆங்கிலச் சவரக்கத்திக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஆகவே அந்தச் சொல்லை மட்டும் வைத்துக் காலத்தைக் குறுக்க முடியாது, நூறாண்டுக்கு மேல் அடித்திருக்கிறார்கள்.

நாட்டின் பெயர் இல்லாதது பயனுள்ள தடயம். அமெரிக்காவின் மெக்கின்லி சட்டம் 1890இல் வந்தது. 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று குறிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகான ஏற்றுமதிக் கத்திகளில் 'இங்கிலாந்து', 'ஜெர்மனி' என்று இருக்கும். உள்நாட்டில் விற்றதில் இல்லாமலும் போகலாம் என்பதால் இதை உறுதியான சான்றாக எடுக்காமல் துணைச் சான்றாக எடுங்கள்.

இப்போது கிரீடம். 'ஆர்' என்பது ரெக்ஸ் அல்லது ரெஜினா, அரசர் அல்லது அரசி. இடப்புறம் 'ஜி' என்றால் ஜார்ஜ், 1830 வரை. 1910க்குப் பிறகு ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில் மீண்டும் வரும். 'டபிள்யூ' என்றால் நான்காம் வில்லியம், 1830 முதல் 1837 வரை மட்டும். 'வி' என்றால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. உங்களிடம் இருப்பது சாய்கோடு என்பதால் 'ஜி' கிடையாது. மிச்சம் இரண்டு. ஒன்று ஏழு ஆண்டு, இன்னொன்று அறுபது ஆண்டுக்கு மேல்.

எழுத்தின் அகலத்தை அளந்து பாருங்கள். 'டபிள்யூ' அகன்ற எழுத்து. 'ஆர்' கிரீடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, இடப்புற எழுத்தின் வலக்கோடும் அவ்வளவு தள்ளித்தான் நிற்கும். அங்கிருந்து எஞ்சிய சாய்கோடு வரை அளவெடுங்கள். நடு முகடு ஒன்று இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

தீட்டுக்கல்:
இடையில் வருவதற்கு மன்னியுங்கள். என்னிடம் இரட்டையர் உருவம் பொறித்த சோலிங்கன் கத்தி ஒன்று இருக்கிறது. 1731 என்று போட்டிருக்கிறார்கள், அவ்வளவு பழையதா? இன்னொரு சந்தேகம்: 'சில்வர் ஸ்டீல்' என்று பொறித்த அலகில் வெள்ளி இருக்குமா?

பழையபெட்டி:
1731 என்பது பீட்டர் ஹென்கெல்ஸ் அந்த இரட்டையர் குறியைப் பதிவு செய்த ஆண்டு. மேலே மழிகலை சொன்ன அதே கதைதான். முத்திரையில் ஆண்டைக் கண்டால் அது நிறுவனம் தொடங்கிய ஆண்டாகவோ, காப்புரிமை பெற்ற ஆண்டாகவோ, பரிசு வென்ற ஆண்டாகவோ இருக்கும் என்றே முதலில் நினையுங்கள். உங்கள் கத்தியில் 'ஃப்ரியோடுர்' என்று இருந்தால் அது துருப்பிடிக்காத எஃகு, 1930களின் கடைசிக்கு முன் போகாது.

இரும்பொறை:
வெள்ளி எஃகுக்கு நான் பதில் சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது. லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரர் இருந்தார். இந்தியாவிலிருந்து போன ஊட்ஸ் எஃகில் அவருக்குத் தீராத ஆர்வம். இளம் மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து 1818 வாக்கில் எஃகுக் கலவைகளை ஆராயத் தொடங்கினார். ஊட்ஸின் ரகசியத்தைத் தேடியதுதான் தொடக்கப்புள்ளி. பல உலோகங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். வெள்ளி எஃகில் அதிகம் கரையவில்லை, ஐந்நூறில் ஒரு பங்குதான் நின்றது. அந்தச் சிறு பங்கே எஃகை மேம்படுத்தியது என்று 1822இல் எழுதினார்கள். அதன் பிறகு ஷெஃபீல்ட் பட்டறைகள் 'சில்வர் ஸ்டீல்' என்று அடிக்கத் தொடங்கின. பெரும்பாலானவற்றில் வெள்ளி கிடையாது, விற்பனைப் பெயர்தான். ஆனாலும் காலக்கணிப்புக்கு அது தங்கம்: அந்தச் சொல் இருக்கும் கத்தி 1820களுக்கு முந்தையதாக இருப்பது அரிது.

வெண்பிடி:
பிடியைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு அதுதான் கவலை தருகிறது.

கூர்முனை, கோடுகள் எப்படி ஓடுகின்றன என்று உருப்பெருக்கியில் பாருங்கள். தந்தத்தின் நீளவாக்குக் கோடுகள் சீராக இருப்பதில்லை. நெருங்கியும் விலகியும் அலையலையாக ஓடும். வெட்டு முகத்தில், அதாவது பிடியின் நுனியில், ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரிய வேண்டும். எலும்பென்றால் சிறு கறுப்புப் புள்ளிகளும் கீற்றுகளும் இருக்கும். ரத்தக்குழாய்கள் ஓடிய தடம் அது. கோடுகள் எல்லாம் அச்சுப் போட்டதுபோல் ஒரே இடைவெளியில் நுனிவரை போனால் அது செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக். தந்தத்தைப் போலவே தோன்ற வேண்டும் என்று அடுக்கடுக்காக அழுத்திச் செய்தார்கள்.

பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார் என்று பலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும் பொருள். உண்மையிலேயே தந்தமோ அழுங்காமை ஓடோ என்றால் ஆறாத வடு விழும். வெந்நீரில் நனைத்த விரலால் தேய்த்து முகர்ந்தாலே போதும், செல்லுலாய்டு கற்பூர வாசனையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

தந்தம் என்று தெரிந்தால் அதற்கும் ஒரு பொறுப்பு உண்டு. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கை 1975இல் நடைமுறைக்கு வந்தது. தந்தமோ ஆமை ஓடோ உள்ள கத்தியை உரிய அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி அனுப்ப முடியாது. பழையது என்று வாயால் சொன்னால் எடுபடாது.

கூர்முனை:
கோடுகள் ஒரே இடைவெளி. நுனியில் வளைகோடு எதுவும் இல்லை. தேய்த்து முகர்ந்தேன், கற்பூரம் மெலிதாக வருகிறது. அதோடு மூக்கைத் துளைக்கும் ஒரு காரமான புளிப்பும் இருக்கிறது. காம்பை ஒட்டிய இடத்தில் பிடி மஞ்சளாகி, நுண்ணிய விரிசல்கள் சதுரம் சதுரமாக ஓடுகின்றன. தொட்டால் கொஞ்சம் பிசுபிசுக்கிறது. செந்துரு இருப்பதும் சரியாக அதே இடத்தில்தான்.

வெண்பிடி:
அஞ்சியதுதான். அந்தப் பிடி சிதைய ஆரம்பித்துவிட்டது. செல்லுலாய்டு சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடும். காற்றின் ஈரத்தோடு அது சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் அலகு இரவும் பகலும் அந்த ஆவியில் இருக்கிறது. செந்துரு அங்கே மட்டும் இருப்பதற்கு அதுவே காரணம். கத்தியை இன்றே திறந்த நிலையில், காற்றோட்டமான இடத்தில், மற்ற கத்திகளிலிருந்து தள்ளி வையுங்கள். மூடிய பெட்டியில் வைத்தால் பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லுலாய்டையும் இது கெடுக்கும்.

இன்னொன்று. செல்லுலாய்டு 1870 வாக்கில்தான் விற்பனைக்கு வந்தது. ஆகவே பிடிக்கு அதற்கு முன் வயது கிடையாது.

இரும்பொறை:
அப்படியானால் ஒரு கத்தியில் இரண்டு காலம் இருக்கிறது. அலகு முந்தையது, பிடி பின்னால் மாற்றியது. கூர்முனை, ரிவெட்டுகளின் அடியில் வட்டத் தகடு உண்டா? காம்பின் துளையைச் சுற்றி வேறொரு தகட்டின் பழைய தேய்மானத் தடம் இருக்கிறதா? முதல் பிடி பெரும்பாலும் அழுத்தி வார்த்த கொம்பாக இருந்திருக்கும். அந்தக் காலத்தில் அதிகம் கிடைத்தது அதுதான். அலகு சுழலும் ஆணிக்கு எதிர்முனையில், பிடியின் இரண்டு பக்கத் துண்டுகளுக்கும் நடுவில் ஈயத் துண்டு வைத்திருப்பார்கள்.

கூர்முனை:
தகடு உண்டு, அகலமானது. அதற்கு உள்ளே, துளையை ஒட்டி, இன்னும் சிறிய வட்டத்தில் ஒரு பளபளப்பான தேய்மான வளையம் தெரிகிறது. பிடியைக் கழற்றிவிடலாமா?

மழிகலை:
பொதுவாகக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். ரிவெட்டின் தலையை அரத்தால் தேய்த்தால்தான் ஆணி வெளியே வரும். அந்த ஆணி போனால் போனதுதான். முதல் பிடியும் முதல் ஆணியும் சேர்ந்த கத்தியில் கை வைக்கவே கூடாது. சேகரிப்பாளருக்கு அந்தச் சேர்க்கைதான் சான்று.

பழையபெட்டி:
இங்கே நான் மாறுபடுகிறேன். இந்தப் பிடியும் ஒரு சான்றுதான். யாரோ ஒருவர் அரை நூற்றாண்டு பழைய அலகைத் தூக்கிப் போடாமல், உடைந்த கொம்பை எடுத்துவிட்டுப் புதுப் பிடி போட்டு மீண்டும் சவரம் செய்திருக்கிறார். அந்த வாழ்க்கையும் இந்தக் கத்தியுடையதுதான். 'மூலம் இல்லை' என்பதால் அதைக் குப்பையாக நினைக்கக் கூடாது.

மழிகலை:
நினைக்கவில்லை. ஆனால் பிடி அலகைத் தின்றுகொண்டிருக்கிறது. ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் அலகைத்தான் காப்பேன். கழற்றும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், பிடியின் நீள அகலங்களையும் ஆணித் துளைகளின் இடைவெளியையும் எழுதிவையுங்கள். கழற்றிய பிடியைத் தனியாக, காற்றுப் படும்படி காகிதத்தில் சுற்றி, சூடான இடங்களிலிருந்து தள்ளி வையுங்கள். இரண்டு தரப்பும் தோற்க வேண்டியதில்லை.

பழையபெட்டி:
அந்த நிபந்தனைகளோடு சம்மதம்.

தீட்டுக்கல்:
இந்த அலகில் இனி சவரம் செய்ய முடியுமா?

இரும்பொறை:
அதற்கும் அளவுகோலே பதில் சொல்லும். தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படும். அதனால் முதுகின் தடிமனும் அலகின் அகலமும் சேர்ந்துதான் வாயின் கோணத்தை முடிவு செய்கின்றன. 20 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் முதுகு என்றால் கோணம் ஏறக்குறைய 17 டிகிரி. நல்ல சவரத்துக்கு ஏற்ற அளவு. வாய் மட்டும் தேய்ந்து அகலம் 17க்கு வந்து, முதுகு 6ஆகவே இருந்தால் கோணம் 20ஐத் தாண்டும், இழுக்கும். உங்கள் அளவுகள் இந்த அலகு அதிகம் தேய்க்கப்படவில்லை என்று காட்டுகின்றன. முதுகில் கல் பட்டு உண்டான தட்டைப் பட்டை எவ்வளவு அகலம் என்று பார்த்தால் உறுதியாகிவிடும்.

விரிசலையும் பாருங்கள். எண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டுச் சற்று நேரம் விடுங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் அதிலிருந்து எண்ணெய் மீண்டும் கசிந்து கோடாக நிற்கும். கோடு தெரிந்தால் கல்லில் வைக்காதீர்கள், காட்சிக்கு மட்டும்.

கூர்முனை:
எண்ணெய் எங்கும் கசியவில்லை. முதுகின் தட்டைப் பட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

எழுத்து கிடைத்துவிட்டது. பல்குச்சியில் எண்ணெய் தொட்டுக் கருமையைக் கிளறாமல் மேலே மட்டும் துடைத்தேன். விளக்கை வால் பக்கமிருந்து படுக்கவைத்தபோது, எஞ்சிய சாய்கோட்டுக்கும் கிரீடத்துக்கும் நடுவில் ஒரு கூரை போன்ற சிறு முகடு நிழலாக எழுந்தது. அதன் இரண்டு சரிவுகளும் தெரிந்தன. அகலமும் ஒத்துவருகிறது, 'ஆர்' எழுத்தைவிட ஒன்றரை மடங்கு. 'டபிள்யூ'தான். சக்கரத்தில் கொடுத்திருந்தால் அந்த முகடு முதலில் போயிருக்கும்.

மழிகலை:
வாழ்த்துகள்! நான்காம் வில்லியம் காலம், 1830 முதல் 1837 வரை. வால், தோள்பட்டை இல்லாமை, சாணை, எல்லாம் இதோடு பொருந்துகின்றன.

பழையபெட்டி:
ஒரு எச்சரிக்கை. முத்திரை அச்சு விலை கொடுத்து வெட்டியது; அரசர் மறைந்த மறுநாளே பட்டறை அதைத் தூக்கி எறிந்திருக்காது. 1837க்குப் பின் ஓரிரு ஆண்டுகள் அதே அச்சில் அடித்திருக்கலாம். '1830களில் செய்தது' என்று எழுதிவைப்பது நேர்மையாக இருக்கும்.

கூர்முனை:
அப்படியே சீட்டு எழுதிவைக்கிறேன்: அலகு 1830கள், பிடி 1870க்குப் பின். மெருகுச் சக்கரத்தைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன். பெயரைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

மழிகலை:
உண்டு. அந்த ஆண்டுகளின் ஷெஃபீல்ட் வணிக முகவரி நூல்களில் சவரக்கத்தி செய்வோர் தனித் தலைப்பில் தெருவோடு பட்டியலாக இருக்கிறார்கள். 'அண்ட் சன்' என்று முடியும் பெயர்களை மட்டும் பிரித்தெடுங்கள். பிறகு முத்திரையில் 'சன்' என்பதன் மூன்று ஆங்கில எழுத்தும் எத்தனை மில்லிமீட்டர் பிடிக்கின்றன, 'அண்ட்' என்பதற்கு இடப்பக்கம் வரி தொடங்கும் இடம்வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து இங்கே எழுதுங்கள். வகுத்தால் அழிந்துபோன எழுத்துகள் ஏறக்குறைய எத்தனை என்று வந்துவிடும். பட்டியலில் எத்தனை பெயர் அதற்குள் அடங்குகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.